கட்டுக்கு மீறும் கோபமும் நிலைகொள்ளாத மனமும்: படிப்படியாகக் கையாளும் வழி

கோபம் தலைக்கேறிய பிறகு அதை எப்படி அடக்குவது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். வாயை மூடிக்கொண்டு இடத்தை விட்டு நகரலாம், அவ்வளவுதான். மிச்ச வேலையெல்லாம் அதற்கு முந்தைய மணி நேரங்களிலும் முந்தைய வாரங்களிலும், வெடித்து ஓய்ந்த மறுநாளிலும் கிடக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி கோபம் வரும் நொடியிலிருந்து தொடங்காது. மாதக்கணக்கில் ஓடும் மனநிலையின் போக்கை முதலில் பார்ப்போம். பிறகு ஒரு நாள், பிறகு சில நிமிடங்கள் என்று கிட்டத்துக்கு வருவோம்.

கோபமே வராமல் செய்துகொள்வது இங்கே நோக்கமில்லை. அநியாயத்தைக் கண்டால் கோபம் வரத்தான் வேண்டும். கோபம் வந்ததற்காக யாரும் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. கோபத்தில் சொன்னதற்கும் செய்ததற்கும் மட்டும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

படி 1: உங்களுடையது கோபமா, மனநிலை மாற்றமா?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தவறான மருந்தைத் தேடி அலைகிறார்கள். கோபம் நிமிடங்களில் ஏறி இறங்குவது. யாரோ, எதுவோ தூண்டியிருக்கும். கேட்டால் காரணம் சொல்ல வரும். மனநிலை மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீடிப்பது. காலையில் கண் விழிக்கும்போதே எரிச்சல் வந்து உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: போன வாரம் சிரித்துவிட்டுப் போன அதே பேச்சுக்கு இன்று ஏன் கத்தினேன்? ஒரே தூண்டலுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி வெடிக்கிறீர்கள் என்றால் அது பழக்கமாகிப்போன கோபம். நாளைப் பொறுத்து மாறுகிறது என்றால் அடியில் மனநிலை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் கோபத்தை மட்டும் அடக்கப் பார்ப்பது வீண்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. பலருக்கும் பிடிக்காத கேள்வி. யாரிடம் வெடிக்கிறீர்கள்? மேலதிகாரி அவமானப்படுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க முடிகிறது, வீட்டுக்கு வந்து மனைவியிடமோ கணவரிடமோ குழந்தையிடமோ மட்டும் “என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை” என்றால், கட்டுப்பாடு உங்களிடம் இல்லாமல் இல்லை. எதிரில் இருப்பவர் திருப்பி அடிக்க மாட்டார் என்று தெரிந்த இடத்தில் அது கைவிடப்படுகிறது. பயமுறுத்தியே காரியம் சாதிப்பது, அடிப்பது, பணத்தையும் போனையும் கைப்பற்றி வைப்பது என்று போனால் அதற்குப் பெயர் வன்முறை. மூச்சுப் பயிற்சி அதைச் சரிசெய்யாது. வன்முறையை நிறுத்துவதற்கென்றே உள்ள சிகிச்சைக்குப் போக வேண்டும். அதற்கிடையில் அந்த வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புதான் முதல் கவலை.

படி 2: இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள்

நினைவை நம்ப முடியாது. எரிச்சலில் இருக்கும்போது வாழ்க்கை முழுக்க எரிச்சலாகவே இருந்த மாதிரித் தோன்றும். நன்றாக இருக்கும் நாளில் “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று தோன்றும். அதனால் குறிப்பேடு ஒன்று வேண்டும். செல்போனிலும் எழுதலாம்.

தினம் ஒருமுறை, இரவில்: மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், தூங்கிய நேரம், தவறவிட்ட சாப்பாடு, குடித்த மது, காபி, டீ, போட்டுக்கொண்ட மாத்திரைகள், மாதவிடாய் உள்ளவர்களுக்குச் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பது. கோபம் வெடித்த நாளில் கூடுதலாக: எத்தனை மணிக்கு, யாரிடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, மனதில் என்ன வாக்கியம் ஓடியது, என்ன செய்தேன்.

நடந்ததை எழுதும்போது கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதுங்கள். “அவன் என்னை மதிக்கவில்லை” என்பது நடந்தது அல்ல, உங்கள் தீர்ப்பு. “மூன்று முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை” என்பதுதான் நடந்தது. தீர்ப்பை “மனதில் ஓடிய வாக்கியம்” என்ற இடத்தில் எழுதுங்கள். இந்தப் பிரிப்பே பாதிச் சிகிச்சை. பின்னால் படி 6-இல் இது தேவைப்படும்.

இரண்டு மாதம் எதற்கு? மாதச் சுழற்சியோடு சேர்ந்து வருவது ஒரே மாதத்தில் உறுதியாகாது. வாரக்கணக்கில் ஏறி வாரக்கணக்கில் இறங்கும் மனநிலையும் சில நாள் குறிப்பில் பிடிபடாது.

படி 3: உடம்பிலும் நோயிலும் காரணம் தேடுங்கள்

“கோபம் என் சுபாவம்” என்று முடிவு கட்டும் முன் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கைநடுக்கம், எடை குறைவு, தூக்கமின்மை இவற்றோடு சிடுசிடுப்பும் வரும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் ஆளே மாறிப்போய்ப் பேசுவார். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்காதவர் போலத்தான் எழுந்திருப்பார். தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறியது என்றால் அதைத் தேதியோடு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தீராத வலியும் மனிதனைக் கடுகடுப்பாக்கும்.

மருந்துகளையும் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் மனநிலையை மேலும் கீழும் தூக்கிப்போடக் கூடியவை. வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டம் சிலருக்குக் கடும் எரிச்சலைத் தரும். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் மாண்டெலுகாஸ்ட் மருந்தின் மனநலப் பக்கவிளைவுகளுக்காக 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் கடுமையான எச்சரிக்கையை அதில் சேர்க்கச் சொன்னது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை தொடங்கிய தேதியையும் எரிச்சல் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பதை விட்ட முதல் வாரங்களில் வரும் எரிச்சல் தற்காலிகமானது. வீட்டில் முன்பே சொல்லி வைத்துவிட்டால் போதும்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் கோபமும் அழுகையும் நம்பிக்கையின்மையும் ஒன்றாக வந்து, ரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் அடங்கிவிடுகிறதா? அதன் கடுமையான வடிவத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தனி நோயாகவே வகைப்படுத்தியது. நோயை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு சுழற்சிகளின் தினக் குறிப்பைக் கேட்பார்கள். அதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. “பொம்பளைங்கன்னா அப்படித்தான்” என்று தள்ளிவிடும் விஷயமில்லை.

மனநோய்களில் கால அளவு முக்கியமான துப்பு. தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சு வேகமெடுத்து, செலவும் துணிச்சலும் எல்லை மீறி, எதிர்த்துப் பேசினால் சீறும் நிலை தொடர்ந்து நான்கு நாட்களாவது நீடித்தால் பைபோலார் என்னும் இருமுனைக் கோளாறின் மிதமான எழுச்சி என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்து வாழ்க்கையே தடம் புரண்டால் அது மேனியா. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல் கிடந்தால் மனச்சோர்வு. ஒரே நாளில் பலமுறை மேலும் கீழும் போவதை வைத்து “எனக்கு பைபோலார்” என்று சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. மணிக்கணக்கில் மாறும் உணர்ச்சிகள், கைவிடப்படுவோமோ என்ற தீராத பயம், உறவுகளில் தலைகீழ் மாற்றம் ஆகியவை எல்லைநிலை ஆளுமைக் கோளாறில்தான் அதிகம் காணப்படும். கவனக்குறைவுக் கோளாறிலும் சட்டென்று சூடாவது உண்டு. மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படாது. குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் எரிச்சலே அதன் முகமாக இருக்கலாம், ஆண்களில் பலருக்கும் அப்படித்தான்.

மருத்துவரிடம் போகும்போது உச்சத்தில் இருந்த நாட்களையும் மறக்காமல் சொல்லுங்கள். சோர்ந்து கிடக்கும்போதுதான் எல்லோரும் மருத்துவரைத் தேடுகிறோம். உற்சாகம் பொங்கிய வாரங்களை யாரும் நோயாக நினைப்பதில்லை. அது தெரியாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டால், இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மேனியா தூண்டப்படும் ஆபத்து உண்டு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்குப் பலன் தருவதாக எழுதிய லித்தியம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய மருந்து அது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், ஒருவரைக் காயப்படுத்திவிடுவேனோ என்ற பயம், மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, பல இரவுகள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குறிப்பேடு எழுதி முடிக்கக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அடித்தளத்தைச் சரிசெய்தல்

தூக்கம்தான் முதலில். 2007-இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு விரும்பத்தகாத படங்களைக் காட்டியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி நன்றாகத் தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கி வைக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியோடான தொடர்பும் தளர்ந்திருந்தது. தூங்காத மறுநாள் முக்கியமான சண்டை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன்.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பது கையில் இல்லாமல் போகலாம். எழும் நேரத்தை மட்டுமாவது விடுமுறை நாளிலும் மாற்றாமல் வையுங்கள். எழுவது, சாப்பிடுவது, வேலை, படுப்பது ஆகியவற்றை நிலையான நேரங்களில் வைத்துக்கொள்வது இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு சிகிச்சை முறையாகவே கற்றுத்தரப்படுகிறது. காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலையில் குடிப்பது இரவுத் தூக்கத்தைத் தின்னும். மது அன்றைக்கு மனதைத் தளர்த்துவது போலத் தோன்றும். ஆனால் குடித்தவுடன் முதலில் போவது நிதானம், அடுத்து கெடுவது அந்த இரவின் தூக்கம், அதன் பலனாக வருவது மறுநாளின் சிடுசிடுப்பு. கோபம் ஒரு பிரச்சினை என்று தெரிந்தும் குடியை விடாமல் தொடர்பவர்களுக்கு மற்றப் படிகள் எதுவும் பெரிதாக உதவாது.

படி 5: சேரும் கொதிப்பை இடையிலேயே இறக்குங்கள்

டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் 1970-களில் காட்டியது இது: ஒரு விஷயத்தால் உடம்பில் எழுந்த கிளர்ச்சி உடனே வடிந்துவிடுவதில்லை. இதயம் இன்னும் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த தூண்டல் வந்தால், பழைய பாக்கியும் புதிய கோபத்தின் கணக்கில் ஏறிவிடும். நெரிசலில் வண்டி ஓட்டி வந்ததன் சூடு, வீட்டில் சிதறிக்கிடக்கும் செருப்பின்மேல் இறங்குவது இப்படித்தான். செருப்புக்கு இவ்வளவு கோபமா என்று பின்னால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

ஆகவே ஒரு சூழலிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் முன் இடைவெளி விடுங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஐந்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். கடுமையான போன் பேச்சு முடிந்ததும் அடுத்த அழைப்பை எடுக்காமல் கொஞ்சம் நடங்கள். குறிப்பேட்டில் வெடிப்புகள் எந்த மணி நேரத்தில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் பசி, களைப்பு, வேலையிலிருந்து வீட்டுக்கு மாறும் நேரம் என்று ஒரு கொத்து தெரியும். பணம், பிள்ளையின் படிப்பு, மாமியார் விவகாரம் போன்ற பேச்சுகளை அந்த நேரத்திலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.

படி 6: அந்த நிமிடங்கள்

ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி ஒன்று உண்டு. தாடை இறுகும், காது சூடாகும், குரல் ஒரு படி ஏறும், “எப்பவுமே”, “ஒரு நாளும்” என்ற சொற்கள் வாயில் வரத் தொடங்கும். உங்கள் குறிப்பேட்டிலேயே அது இருக்கும். பத்தில் நான்கு என்ற அளவில் இருக்கும்போதே நகர வேண்டும். எட்டுக்குப் போன பிறகு எந்த உத்தியும் ஞாபகத்துக்கு வராது.

அதனால் முடிவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்: “தாடை இறுகினால், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவேன்.” இது நடந்தால் இதைச் செய்வேன் என்ற வடிவத்தில் குறிப்பாகத் தீர்மானிப்பது, “இனி கோபப்பட மாட்டேன்” என்ற பொதுவான சபதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரின் பல ஆண்டு ஆய்வுகள் இதைத்தான் காட்டின.

எழுந்து போவதற்கும் முறை உண்டு. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனால் அதுவும் அடிதான். அமைதியான ஒரு நாளில் வீட்டாரோடு பேசி, ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொள்ளுங்கள்: “எனக்கு இப்ப ரொம்ப சூடாயிடுச்சு. அரை மணி நேரத்துல வர்றேன், அப்ப பேசலாம்.” திரும்பி வரும் நேரத்தைச் சொல்ல வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை உங்களைப் போகவிட மாட்டார்கள், அது நியாயமும்கூட. தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியபின் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்றும், உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் சொல்கிறார். கைக்குழந்தையின் அழுகை தாங்காமல் கோபம் வந்தால், குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். சில நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது? மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக. முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு இறங்கும், உணர்ச்சிக் கொந்தளிப்புக்கான டிபிடி என்ற சிகிச்சையில் இதைக் கற்றுத்தருகிறார்கள். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். கைகளை இறுக்கி மூடி மெதுவாகத் தளர்த்துங்கள், பிறகு தோள், பிறகு முகம். உணர்வுக்குப் பெயர் வையுங்கள்: “எனக்கு அவமானமாக இருக்கிறது”, “பயமாக இருக்கிறது”. உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிடும்போது அமிக்டலாவின் துடிப்பு குறைவதை 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் காட்டினார்கள்.

தலையணையைக் குத்துவது, பொருளை உடைப்பது, “உள்ளே வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடு” என்பதெல்லாம் வேண்டாம். பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் தேவலாம். 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வந்த ஆய்வும், உடம்பின் சூட்டைத் தணிக்கும் செயல்களே கோபத்தைக் குறைக்கின்றன, ஏற்றும் செயல்கள் குறைப்பதில்லை, ஜாகிங்கூட உதவவில்லை என்றது. தினசரி ஓட்டம் உடம்புக்கு நல்லதுதான், கோபத்தோடு ஓடுவதுதான் பலன் தராது. வெளியே போய் நின்று, அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்ப்பதும் குத்துப்பைக்குச் சமம். போனில் மெசேஜ் தட்டுவது அதைவிட மோசம். அது அழியாது.

கொஞ்சம் ஆறியதும் மனதில் ஓடிய வாக்கியத்தை எடுங்கள். அநேகமாக அதில் “வேண்டுமென்றே” என்ற சொல் ஒளிந்திருக்கும். அதை நீக்கிவிட்டு, நடந்ததற்கு வேறு இரண்டு காரணங்களை எழுதிப் பாருங்கள். அவை உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேறு காரணமும் இருக்கக்கூடும் என்ற இடம் கிடைத்தாலே சூடு இறங்கும்.

படி 7: விழுங்காமல் சொல்வது

முகத்தில் காட்டாமல் அடக்கிவைப்பதால் உள்ளே கோபம் குறைவதில்லை, உடம்பின் பதற்றம் கூடத்தான் செய்கிறது. திரும்பி வந்ததும் பேசத்தான் வேண்டும். நடந்தது, அதனால் எனக்கு ஆனது, இனி வேண்டியது என்ற வரிசையில்.

“நீ எப்பவுமே இப்படித்தான், என்னை ஒரு மனுஷனாவே மதிக்கிறதில்ல” என்பதற்குப் பதில்: “எட்டு மணிக்கு வர்றேன்னு சொன்ன, பத்து மணிக்கு வந்த. போனும் பண்ணல. எனக்கு முதல்ல பயம், அப்புறம்தான் கோபம். இனிமே லேட்டாகும்னா ஒரு மெசேஜ் போடு.” முதல் வாக்கியத்துக்கு எதிராளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும். இரண்டாவதற்குச் சரி என்று சொல்ல முடியும்.

படி 8: வெடித்துவிட்ட பிறகு

எவ்வளவு முயன்றாலும் சில நாள் வெடிக்கும். மன்னிப்புக் கேட்கும்போது “ஆனால்” என்ற சொல் வரக் கூடாது. “நான் கத்தியது தப்பு, ஆனால் நீயும்...” என்றால் அது சண்டையின் தொடர்ச்சி. என்ன செய்தேன் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், உடைத்ததை நீங்களே சரிசெய்யுங்கள், எதிராளி உடனே சிரித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழந்தையிடம் கத்தியிருந்தால் அதனிடமே போய், “அப்பா கத்தினது உன் தப்பு இல்ல” என்று சொல்லுங்கள்; பெரியவர்களின் கோபத்துக்குத் தான்தான் காரணம் என்று குழந்தைகள் எளிதில் எடுத்துக்கொள்ளும். அன்றிரவே குறிப்பேட்டில் அதையும் எழுதுங்கள். எந்தப் படியில் நழுவியது என்று பார்த்தால், பல சமயம் விடை முந்தைய இரவின் தூக்கத்தில் இருக்கும்.

முன்னேற்றத்தை “கோபம் வந்ததா” என்று அளக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம் என்று மூன்றாக அளவிடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழி சரி. மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் அசையவில்லை என்றால், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ போங்கள். சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை கோபத்துக்குப் பலன் தரும். கொந்தளிப்பும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் இருந்தால் டிபிடி தெரிந்தவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே அவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். திறந்துகூடப் பார்க்காமல் “மனசை ரிலாக்ஸா வச்சுக்கோங்க” என்று அனுப்பிவிட்டால், வேறொருவரைத் தேடலாம்.